முனுசாமியின் இரண்டு பிள்ளைகள்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. முதியோர் எழுத்தறிவு வகுப்பு இல்லை. டீக்கடையில் பேப்பரை நானே படித்தேன், சத்தமாக. பிள்ளைகள் குறைந்துபோச்சு, நிறையப் பெறுங்கள் என்று ஒரு தலைவர் பேசியிருக்கிறார். டீ மாஸ்டர்: "இன்னா பெர்சு, எழுவத்தாறு வயசுல ஒண்ணு ட்ரை பண்றியா? கவர்மெண்டே சொல்லுது." எல்லாரும் சிரிப்பு. நானும்.

வரும் வழியில் பஸ் போர்டு, மருந்துக்கடை, வீடு வாடகைக்கு. ஒன்றையும் விடவில்லை. என்ன சந்தோஷம்!

வாங்க: பேனா, கத்தரிக்காய்.

5, புதன்

தூறல். எதிர்வீட்டுக் கன்னியம்மா வந்தாள். என் நண்பன் முனுசாமியின் மனைவி. அவன் போய் ஏழு மாதம். விதவை பென்ஷனுக்காக அவன் காகிதக் கட்டைக் கொண்டுவந்தாள். "உனக்குத்தான் இப்போ படிக்க வர்தே. எது இன்னான்னு சொல்லுண்ணா."

பெருமையாக உட்கார்ந்தேன். ரேஷன் கார்டு. கரண்ட் ரசீது. அடியில் ஒரு மஞ்சள் அட்டை. குடும்பக் கட்டுப்பாடு முகாம். முனுசாமி. பிள்ளைகள்: ஆண் 4 வயது, பெண் 2 வயது. அழைத்து வந்தவர்: ஏழுமலை.

என் பெயர். வகுப்பில் முதலில் கற்ற சொல்.

"அது இன்னாண்ணா?"

"ஏதோ பழைய சீட்டு. எழுத்து மங்கிப் போச்சு." சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

6, வியாழன்

அட்டையை மறுபடி படித்தேன். எமர்ஜென்சி காலத்துத் தேதி.

நாங்கள் ரோடு வேலையில் தினக்கூலி. ஆபரேஷனுக்கு ஒரு ஆள் கொண்டு வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்றார் மேஸ்திரி. எனக்குத்தான் இரண்டு பிள்ளைகள். நான் போயிருக்க வேண்டும். பயம். முனுசாமியைக் கூட்டிப்போனேன். கல்யாணமாகி மூன்று மாதம். "அப்பறம் சரி பண்ணிக்கலாம்டா" என்றேன்.

பிள்ளை இருந்தால்தான் சேர்ப்போம் என்றார் கிளார்க். "ரெண்டு கீது சார். பையன் நாலு வயசு, பொண்ணு ரெண்டு." நான்தான் சொன்னேன். என் பிள்ளைகளின் வயது. முனுசாமி என் முகத்தையே பார்த்தான். அப்புறம் இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தான். ஒரு நாளும் கேட்கவில்லை. கன்னியம்மா பிள்ளை வரம் கேட்டுத் திருநீர்மலைப் படி ஏறி இறங்கினாள். அவளை மலடி என்றபோது அவனும் நானும் அங்கேதான் இருந்தோம்.

மதியம் கண்ணை மூடினால் வாசலில் ஒரு பையன், ஒரு பெண். நாலு வயது, இரண்டு வயது. என் பிள்ளைகள் இல்லை. முகம் முனுசாமி மாதிரி.

8, சனி

வெயில். கன்னியம்மா வீட்டுக்குப் போய் அட்டையைப் படித்துக் காட்டினேன். என் பெயரையும். நடந்ததையும் சொன்னேன்.

அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு: "பொண்ணு ரெண்டு வயசு. அப்போ உன் பரிமளாதான்."

"ஆமாம்."

"நான்தான இடுப்புல வெச்சிகினு திரிஞ்சேன். மலடி கை படக்கூடாதுன்னு உன் பொண்டாட்டி புடுங்கிகினு போச்சே. நீ பார்த்துகினுதான இருந்த?"

தலையை ஆட்டினேன்.

"கவர்மெண்டு காயிதத்துல அது எம் பொண்ணுதானய்யா. போன் போடு. நீயே சொல்லு."

பரிமளா பொழிச்சலூரில். போட்டேன். உடனே எடுத்தாள்.

"சொல்லுப்பா."