குடிக்காத அப்பா வடித்த விஸ்கி

என் அருமை அப்பா, இதை நின்றுகொண்டே கேளுங்கள். கதிரையில் இருந்தால் உங்களுக்கு உடனே நித்திரை வந்துவிடும்.

உங்கள் பீப்பாவைத் திறந்துவிட்டார்கள். நீங்கள் போவதற்கு முன் கடைசியாக நிரப்பிய பீப்பா. உள்ளே போனபோது விஸ்கி தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருந்தது, மூன்று வருடத்துக்கு மேல் ஓக் மரத்துக்குள் கிடந்து இப்போது தேன் நிறமாகிவிட்டது. கொஞ்சம் ஆவியாகிப் போயிற்று. மிச்சத்தை வேறு எதோடும் கலக்காமல், இதை மட்டும் தனியாகப் போத்தலில் அடைத்தார்கள். லேபிளின் கீழே சின்ன எழுத்தில் 'வடித்தவர் சிவநேசன்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டுக்கும் ஒன்று தந்தார்கள்.

நான் இப்போது நீங்கள் வேலை செய்த வடிசாலையில்தான் வேலை செய்கிறேன். நீங்கள் போன பிறகு பள்ளிக்கூடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. கோபமா, அப்பா? முளைவிடும் பார்லியைத் தளத்தில் பரப்பி, அகன்ற மரச் சவளால் அள்ளிப் புரட்டுவது என் வேலை. அதிகம் கதைக்கத் தேவையில்லை, எனக்குப் பொருத்தம். புரட்டாமல் விட்டால் அது தன் சூட்டிலேயே கெட்டு, வேர்கள் பின்னிப் பாய் மாதிரி ஆகிவிடும். காலையில் வந்து பார்லிக்குள் கையை நுழைத்துச் சூடு பார்க்கிறபோது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல இருக்கும்.

சனிக்கிழமைகளில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வடிசாலையின் வரலாற்றைச் சொல்வார்கள். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒருவர் ஏரிக்கரையில் எழுப்பிய செங்கல் கட்டடம், கப்பலில் வந்து இறங்கிய செப்புக் கலன், மதுவிலக்குக் காலத்தில் அதே பார்லியில் சமையலுக்கான புளிப்பு வினாகிரி செய்து தப்பிப் பிழைத்தது. நான் சவளோடு ஒதுங்கி நின்று கேட்பேன். அந்த மனிதரும் இந்த நாட்டில் முதல் குளிர்காலத்தில் உங்களைப் போலத்தான் நடுங்கியிருப்பாரோ?

இனி வீட்டுச் செய்தி. போன ஞாயிறு உங்கள் திவசம். ஐயர் போன பிறகு உங்கள் படத்துக்கு முன் வாழையிலை போட்டு, உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். அந்தப் போத்தலையும் வைக்க வேண்டும் என்று நான் முதல் நாளே கேட்டிருந்தேன். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"குடிச்சவைக்குத்தான் போத்தல் வைக்கிறது. குடிக்காத மனுசனுக்கு வைச்சால் சனம் என்ன கதைக்கும்? செத்தாப் பிறகு அவருக்குக் குடிகாரன் எண்ட பேர் வேணுமோ?"

அம்மாவின் பயம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் பார்லி பக்டரியில் வேலை என்றுதானே ஸ்காபரோத் தமிழ்ச் சனம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த மிக நல்ல பொருள் அலுமாரிக்குள் ஒளிந்திருக்க, இலையில் கத்தரிக்காய்க் குழம்பு மட்டும் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. எடுத்துக்கொண்டு வந்து இலையோரம் வைத்தேன். அம்மா பார்த்தார். திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

வந்திருந்த சனத்தில் அம்மாவின் தம்பி, மாமாதான் முதலில் கண்டார். "என்ன பிள்ளை உது? அத்தான் ஒளிச்சு ஒளிச்சு அடிச்சவரோ?"

வீடு நிறைந்த சனமும் சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. வழக்கமாக நான் அறைக்குள் ஓடியிருப்பேன்.

"அப்பா ஒரு நாளும் குடிக்கேல்லை, மாமா. அப்பா உதைச் செய்தவர்."

"பார்லி பக்டரியிலயோ?"

"ஓம், பார்லியிலதான் செய்யிறது. முளைச்ச பார்லியைச் சூளையில காய வைச்சு அரைப்பினம். சுடுதண்ணியில அதின்ர இனிப்பை எடுத்து, ஈஸ்ட் போட்டு நுரைக்க விடுவினம். பேந்து செப்புக் கலனில ரெண்டு தரம் வடிப்பினம். முதல் வாறது மூக்கை எரிக்கும். கடைசியில வாறது நனைஞ்ச நாய் மாதிரி மணக்கும். நடுவில வாறது மட்டும்தான் பீப்பாவுக்கு. எந்த நிமிசம் ஓட்டத்தைப் பீப்பாவுக்கு மாத்துறது எண்டதை அப்பா உள்ளங்கையில ரெண்டு துளி தேய்ச்சு, மணந்து பார்த்துச் சொல்லுவார். நாக்கில வைக்கமாட்டார்."

இவ்வளவு நான் ஒரே மூச்சில் கதைத்ததை அங்கே யாரும் முன்பு கேட்டதில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. குசினி வாசலில் அம்மா கையைத் துடைத்தபடி நின்றார்.

"தம்பி, பார்லி பக்டரி எண்டு சொன்னது நான்தான்," என்றார். "அவர் விஸ்கி வடிச்சவர். நல்லா வடிச்சவர். போத்தலில பேர் கிடக்கு, வாசி."

மாமா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு மெதுவாக, "படைச்சதைப் பிறகு எல்லாருக்கும் பிரிக்கிறதுதானே, அக்கா?" என்றார்.

"உனக்கு உதில மட்டும் சாத்திரம் தெரியும்."

பெரியவர்களுக்குத் தேநீர்க் கோப்பைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். மாமா ஒரு மிடறு குடித்துவிட்டு, போத்தலைத் திருப்பி அந்தப் பெயரை இன்னொரு தரம் வாசித்தார். அம்மா குடிக்கவில்லை. தக்கையை மட்டும் எடுத்து மணந்தார்.

"அவர் வேலையால வந்து கோட்டைக் கழட்டேக்க வாற மணமடி," என்றார். தக்கையைத் திரும்பக் கொடுக்கவே இல்லை.

அடுத்த மாதம் என்னைச் செப்புக் கலன் பக்கம் வேலை பழக விடப் போகிறார்கள். எனக்குப் பயம்தான், அப்பா. ஆனால் யார் என்ன வேலை என்று கேட்டாலும் தலையைக் குனியாமல் சொல்வேன். என் பெயரோடு ஒரு போத்தல் வரும் நாளில் அதையும் உங்கள் இலையில் வைப்பேன்.

விஸ்கி வடித்தவரின் மூத்த மகள்,
யாழினி