தம்பியைக் கரையிலிருந்து எடுத்து வந்தோம்

புதுப்பட்டினம்,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் அனுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் இரக்கத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு சுகமாய் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் சுகமாய் இருக்க ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடி ஏறுவதில்லை. இதைப் போனில் சொல்ல இரண்டு முறை எடுத்தேன். நீ மழை எப்படி என்று கேட்டாய், நானும் மழையைப் பற்றியே பேசி வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

தம்பி ஆல்வினை இடம் மாற்றிவிட்டோம். பாலாற்றங்கரைக் கல்லறைத் தோட்டம் இப்போது இல்லை, ஆறு எடுத்துக்கொண்டது. தம்பியை அடக்கம் பண்ணியபோது ஆறு எவ்வளவு தள்ளி இருந்தது என்று உனக்கே தெரியும், வெறும் மணல், நடுவில் வாய்க்கால் மாதிரி கொஞ்சம் தண்ணீர். இந்த ஐப்பசியில் மேலே அணையெல்லாம் நிரம்பி வெள்ளம் வந்தது. முகத்துவாரத்தில் இறால் பிடிக்கும் தீனதயாளன், நமக்கு மீன் கொடுப்பாரே, அவர்தான் வாசலில் வந்து நின்று சொன்னார். "சார், ஆத்துக்கு நடுவால கருவேலம் மண்டிகினு ஒரு மேடு கீதுல்ல, தண்ணி அதுல முட்டிகினு மொத்தமா உங்க பக்கம் வந்துகினு கீது. ஒருதபா வந்து பாத்துடுங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அங்கே ஆறு வளைகிறது, வளைவின் வெளிப்பக்கம் நம் கரை. வேகமெல்லாம் அந்தப் பக்கம்தான். தண்ணீர் மேலே ஒன்றும் செய்வதில்லை மகளே, அடியில் இருக்கும் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போகிறது. மேலே புல்லும் மண்ணும் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், நாம் கெட்டியான தரை என்று நினைப்போம், பிறகு சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிடும். முதலில் வேப்பமரம் போனது, அப்புறம் சுற்றுச்சுவர். நான் தினமும் போய் நின்று பார்த்துவிட்டு வருவேன். பயமா வருத்தமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, பஸ்ஸுக்கு நிற்பது போலத்தான் நின்றேன்.

சபையில் கூடிப் பேசினார்கள். திருக்கழுக்குன்றம் போகிற வழியில் சபைக்கு ஒரு மேட்டு நிலம் இருக்கிறது, விரும்புகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை, பெரியவர்களை அங்கே மாற்றிக்கொள்ளலாம், அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார் போதகர். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மண்ணுக்குக் குடுத்தாச்சு, திரும்பக் கேக்கக் கூடாது. தண்ணி எடுத்துட்டுப் போனா போகட்டும், விடுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை, அது உனக்குத் தெரியும். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த என்னிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் முதல் வரிசை சரிந்தது. சண்டே ஸ்கூல் சாரங்கபாணி வாத்தியார், மதம் மாறியும் பெயரை மாற்றாதவர், அவர் பெட்டி பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, அவர் மகன் கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். வந்து அதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. அவள் கேஸை அணைத்தாள். "நாளைக்கே எடுத்துடுங்க. நானும் வரேன்" என்றாள்.

காலையில் போதகர் ஜெபம் பண்ணினார், தீனதயாளனும் இன்னும் இரண்டு பேரும் தோண்டினார்கள். பெட்டி இல்லை, கறுப்பாய் மக்கின மரத்தூள்தான். மீதியை நீ புரிந்துகொள்வாய். தலைப்பக்கம் போதகர் எடுத்தார். கால்பக்கம் வந்தபோது சாக்ஸ் இரண்டும் அப்படியே இருந்தன அனு, நைலான் சாக்ஸ், மக்கவே இல்லை. தீனதயாளன் கையை எடுத்துவிட்டார், "அண்ணிய வுடுங்க" என்றார். அம்மா அந்த முழங்காலை மடக்கி ஈரத்தில் உட்கார்ந்து இரண்டையும் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கால் சில்லுனு இருக்கும்னு நான்தான் போட்டுவிட்டேன்" என்று சொன்னாள், யாரிடமும் இல்லை, பொதுவாகச் சொன்னாள். அழவில்லை. நானும் அழவில்லை. ஆறடிப் பையன், புது இடத்துக்குப் போகும்போது காரில் என் மடியில் அடங்கிவிட்டான். மேட்டு நிலத்தில் செம்மண், கெட்டி மண், கடப்பாறை போட்டுத்தான் தோண்டினார்கள். சாக்ஸையும் அவனோடேயே வைத்தாள். முடித்துவிட்டு வரும் வழியில் எனக்கு நல்ல பசி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஹோட்டலில் நிறுத்திப் பொங்கல் சாப்பிட்டோம், அம்மா ஒரு வடை கூடக் கேட்டாள். எனக்கு இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை. உறைக்கும்போது உனக்குப் போன் செய்கிறேன், எடுத்து ஒன்றும் பேசாமல் இருந்தாலும் போதும்.

மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் அவன் இருந்த இடமும் விழுந்துவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு அம்மாவே கேட்டு என்னோடு வந்தாள். எதிர்க்கரையில் வளைவின் உள்பக்கம் புதிதாக ஒரு பெரிய மணல்திட்டு, வெள்ளை வெளேரென்று, மேலே நாரைகள். தீனதயாளன் படகை இழுத்துக்கொண்டே, "இங்க அறுத்தத அங்க கொண்டாந்து போட்டுகீது, அவ்ளோதான் அண்ணி" என்றார். கொஞ்ச நாளில் அங்கே யாராவது தர்ப்பூசணி போடுவார்களாம். அம்மா வெகுநேரம் பார்த்தாள். "போடட்டும்" என்றாள். வீட்டுக்கு வந்து அன்றுதான், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவன் அறை ஜன்னலைத் திறந்து வைத்தாள். இப்போதும் திறந்தேதான் இருக்கிறது, கொசு வருகிறது, நான் மூடவில்லை.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் காப்பாராக, குட்டியின் தலையில் என் கையாக உன் கையை வைத்து ஆசீர்வாதம் சொல். வெளியே போகும்போது காதுக்குத் துணி கட்டு. முக்கியமாக ஒன்று. நீ ஒவ்வொரு தடவையும் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக ஆற்றங்கரைக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாய். இந்த முறை அப்படிச் செய்யாதே. பாதை பழையபடியே இருக்கிறது, புளியமரமும் இருக்கிறது, அதைத் தாண்டினால் தரை இல்லை. முதலில் வீட்டுக்கு வா, நான் கூட்டிப் போகிறேன்.

உன் அப்பா,
ஜெபகுமார்

அம்மா ஜெயப்பிரியா கையெழுத்து மட்டும் போடுகிறேன் என்றாள், போட்டிருக்கிறாள்.