அம்பாசிடருக்குள் யாரோ தட்டுகிறார்கள்

11 ஆகஸ்ட் 2008, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நேற்று மங்கலம்பேட்டை ஆடித் திருவிழாப் பட்டிமன்றத்தில் எனக்குப் பேச ஒன்றுமே தோன்றவில்லை. தண்ணீர் குடித்தேன், மைக்கைத் திருகினேன். கடைசியில் என் மச்சான் சடையப்பனை எடுத்து விட்டேன்.

"எங்க மச்சான் மெக்கானிக்குங்க. என் அம்பாசிடருக்கு அவர்தான் இன்ஜின் இறக்கி வேலை பார்த்தாரு. அதுலேருந்து வண்டி ஓடும்போது உள்ள யாரோ தட்டுறாங்க. வேலை முடிஞ்சதும் ஒரு ஆள உள்ளயே வச்சு மூடிட்டாருன்னு நெனைக்கிறேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சடையப்பன். என் பேச்சைக் கேட்க, கடலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான்.

13 ஆகஸ்ட்

முதுநகரில் அவன் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். இன்ஜினை ஓட விட்டு, நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். சத்தமே இல்லை. நிற்கும்போது தட்டாது, நாற்பதைத் தாண்டினால்தான் தட்டும் என்றேன்.

"ஏறி ஓட்டிப் பாரேன் மச்சான்."

"நான் எப்படி மாமா ஏறறது? உள்ள ஏற்கெனவே ஒரு ஆள் இருக்காரே."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "என் வேலையில குத்தம் இல்லன்னு நீங்களே வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் உங்க வூட்டு விசேஷத்துக்கு நான் வரமாட்டேன்" என்றான்.

விசேஷம் என்றால் வருகிற செப்டம்பர் பதினாலு. சிதம்பரத்தில் என் மகள் ஸ்ரீமதிக்கு நிச்சயதார்த்தம்.

14 ஆகஸ்ட்

என் மனைவி அமராவதி என்னிடம் பேசவில்லை. சாம்பாரில் உப்பும் இல்லை.

18 ஆகஸ்ட்

மாப்பிள்ளையின் அப்பா நடனசபாபதி போன் செய்தார். "தாய்மாமன் கையாலதான் தட்டு வாங்குவோம். எங்க வழக்கம் அப்படி." வராமல் எங்கே போவார் என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்ற இடத்தில் வியர்வை வந்தது.

அமராவதி வாயைத் திறந்தாள். "எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன் வரலன்னா நானும் வரல. நீங்களும் உங்க மைக்கும் போய்த் தட்டு மாத்திட்டு வாங்க."

போய் மன்னிப்புக் கேட்டால் முடிந்தது. ஆனால் சத்தம் இருக்கிறதே! என் காதால் கேட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது? குற்றம் அவனுடையதுதான் என்று நிரூபித்துவிட்டு, பெருந்தன்மையாக மன்னித்தால் என்ன?

21 ஆகஸ்ட்

எங்கள் தெருவில் இத்தனை இன்ஜினியர்கள் இருப்பது தெரியாமல் போயிற்று. போஸ்ட்மேன் பேரிங் என்கிறார். இட்லிக் கடை ஞானாம்பாள் பிஸ்டன் என்கிறார். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அத நீங்கதான் பாக்கணும்."

25 ஆகஸ்ட்

சிதம்பரத்தில் சின்னையன் என்று ஒரு மெக்கானிக். நெற்றி முழுக்க விபூதி, கை முழுக்க கிரீஸ். ஓட்டிப் பார்த்துவிட்டு, "பேரிங்தான் சார், சந்தேகமே இல்ல" என்றார். எனக்கு ஆனந்தம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். வரும் வழியெல்லாம் சடையப்பனை மன்னிக்கும் வசனத்தை ஒத்திகை பார்த்தேன்.

30 ஆகஸ்ட்

இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார் சின்னையன். "பேரிங் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. உங்க மச்சான் வேலை சுத்தம் சார். ஒரு கொறையும் சொல்ல முடியல."

ஒரு குறையாவது சொல்லியிருக்கலாம். திரும்பி வரும்போது புதுச்சத்திரம் தாண்டி, நாற்பதைத் தொட்டது வண்டி. டொக். டொக் டொக்.

1 செப்டம்பர்

பிரித்ததை ஒழுங்காக மாட்டினாரா என்று சின்னையனுக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் மாட்டிட்டேன் சார். அந்தச் சங்கக்கூட கட்டிட்டேன்."

"எந்தச் சங்கு?"

"ரேடியேட்டருக்கு அடியில கறுப்புக் கயித்துல தொங்குச்சே, திருஷ்டிச் சங்கு. சாமி விஷயம், நாம எடுக்கலாமா? இருந்த எடத்துலயே ரெண்டு முடிச்சு ஜாஸ்தியா போட்டுட்டேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். எலுமிச்சை அளவில் ஒரு சங்கு. பின்னாலிருக்கும் இரும்புத் தகட்டில் அது மோதி மோதிப் பள்ளமே விழுந்திருக்கிறது. வேகம் எடுத்தால் காற்றில் ஆடித் தட்டுகிறது. கயிற்றை அறுத்துவிட்டு ஆல்பேட்டை வரை அறுபதில் ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை.

திருஷ்டிக் கயிற்றை இருபது வருஷமாக மேடைக்கு மேடை கிண்டல் செய்கிறவன் நான். என் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். சங்கை அமராவதி முன்னால் வைத்து, "நீயா?" என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் ஒரு கணம் நிறுத்தினாள்.

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

2 செப்டம்பர்

ஷெட்டுக்குப் போனேன். "தப்பு உன் இன்ஜின்ல இல்ல மச்சான்."

"சத்தமா சொல்லுங்க மாமா, பஞ்சர் கடைக்காரருக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். பஞ்சர் கடைக்காரர் டியூபைப் போட்டுவிட்டு வந்து நின்று கேட்டார். அவருக்காக இன்னொரு முறை. பிறகு டீ வந்தது. சத்தம் எங்கிருந்து வந்தது என்று சடையப்பன் கேட்டதற்கு, அடியில் ஏதோ தகடு லூஸ் என்று சொல்லிவிட்டேன். பெண்டாட்டியைக் காட்டிக்கொடுப்பானேன்?

14 செப்டம்பர், ஞாயிறு

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. தாய்மாமன் பட்டு வேட்டியில் தட்டை நீட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. சாப்பாட்டில் அவன் நடுவில், ஒரு பக்கம் நடனசபாபதி, ஒரு பக்கம் நான், எதிர் வரிசையில் அமராவதி. தன் ஜீப்புக்கும் இன்ஜின் வேலை இருக்கிறது என்றார் நடனசபாபதி.

"அனுப்புங்க சம்பந்தி, பண்ணிடலாம். முடிச்சுக் குடுக்கறப்ப அடியில ஒரு..."

"டேய், சாப்புடறப்ப பேசாத" என்றாள் அமராவதி.

"இரு அக்கா. அடியில ஒரு சங்கு கட்டித் தருவேன், கண்ணு படாது. கட்டாம ஒரு வண்டியையும் நான் வெளிய விட்டதில்ல. மாமா வண்டிக்கே அவருக்குத் தெரியாம கட்டிவிட்ருக்கேன்."