ஜெபக்கூட்டத்துக்கு நான் இருக்க மாட்டேன்

பியூலா,

நீ வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள உன் ஜெபக்கூட்டத்து ஆளுங்க வந்துடுவாங்க. நான் கீழ காப்பிக்கடையில இருப்பேன். சாவி செருப்பு அலமாரியில இருக்குன்னு, கூட்டம் நடத்துற ஜெபசிங் அண்ணனுக்கு மெசேஜ் பண்ணிட்டேன். கேசரி மூடி வச்சிருக்கு.

ஒண்ணு கேக்குறேன். என் வேலை போனது உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் சபைக்கு வராதப்பல்லாம் கண்டுக்காத அண்ணன், இப்ப ஏன் தினமும் போன் பண்றாரு? நான் எடுக்கவே இல்ல. ஏன் இந்த வாரம் நம்ம வீட்டுல கூட்டம்? நீதான் சொல்லியிருக்க. எல்லாரும் சேந்து என்னைப் பாத்துப் பரிதாபப்படணுமா?

ரூபன்

பி.கு. குடை எடுக்க வந்தேன், அதுக்குள்ள வந்து பாட ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணன் பாட்டை ரொம்ப மேல் சுருதியில எடுத்துட்டாரு, சரணத்துல ஒருத்தருக்கும் குரல் எட்டல. பொறுக்க முடியாம நான் கீழ எடுத்துக் குடுத்தேன். அப்படியே உக்காந்துட்டேன்.

யாருக்காவது எதுக்காவது ஜெபிக்கணுமா, ஜெபக் குறிப்பு இருக்கான்னு கேட்டாங்க. என்னவோ, வேலை போனதை நானே சொல்லிட்டேன். எல்லார் மூஞ்சியும் மாறிப்போச்சு. யாருக்குமே தெரிஞ்சிருக்கல, பியூலா. பாட்டு எடுக்க ஆள் இல்லன்னுதான் அண்ணன் போன் பண்ணியிருக்காரு; இந்த வாரம் கூட்டம் நம்ம வீட்டு முறையாம். இப்ப என் தோள்ல கை வச்சு, எனக்காகச் சத்தமா ஜெபிச்சாரு.

டீ போடுற சாக்குல கிச்சன்ல நின்னு எழுதுறேன். மேல எழுதினதைக் கிழிக்கல. படி. அவங்கல்லாம் போனப்புறம் திட்டு.