குறை சொல்லாத இருபத்திரண்டு நாள்

என் அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே. இடது கையால் எழுதுகிறேன்.

நீ நர்ஸ் படிப்புக்கு விடுதிக்குப் போன மறுவாரம், பால் தீய்ந்து நாறுகிறது என்று முணுமுணுத்தேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து, அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு அப்பா அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லு! இன்னொரு வார்த்தை வந்துச்சு, எல்லாத்தையும் போட்டுட்டு எங்கயாவது போயிடுவேன்" என்றார். படுக்கையில் இருந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து இருபத்திரண்டு நாள். செருப்பு கடித்தபோதுகூட நான் வாய் திறக்கவில்லை. "என் செல்லம் திருந்திட்டா" என்று அப்பா பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

ஐந்து நாளுக்கு முன்பு அம்மாவுக்கு வெந்நீர் எடுக்கும்போது வலது கையில் கொட்டிக்கொண்டேன். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துவிட்டேன். இப்போது சீழ் வைத்திருக்கிறது. உடம்பு கொதிக்கிறது. மணிக்கட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்கை வரைக்கும் ஏறியிருக்கிறது. காலையில் அது இல்லை, அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பாவின் கதவு வரை இரண்டு முறை போனேன். தட்டாமலே திரும்பி வந்துவிட்டேன்.

தபாலில் போட்டால் உனக்கு வந்து சேர மூன்று நாளாகும். அதனால் இதை அப்பாவின் ஷூ மேல் வைக்கப்போகிறேன். விடியற்காலை வண்டி எடுக்கக் கிளம்பும்போது பார்ப்பார்.

உனக்கு எழுதியதை அவராக எடுத்துப் படித்தால், நான் அவரிடம் குறை சொன்னதாக ஆகாது, இல்லையா?

உன் தங்கை