கலைமதி எழுதிய பட்டியலில் ஒரு காலி வரி

மரக்காணம்
12-6-2026

அன்பு மகன் வெற்றிச்செல்வனுக்கு அப்பா எழுதுவது.

உடம்பளவில் நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அம்மா பேசி முடித்து என்னிடம் போனைக் கொடுக்கும்போதெல்லாம் "டூட்டிக்கு நேரமாச்சுப்பா" என்று வைத்துவிடுகிறாய். குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கும் உன் குரலைக் கேட்டால் பேச்சு வருவதில்லை. கடிதமென்றால் நீ பாதியில் கீழே வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், மனம் வரும்போது எடுத்து மீதியைப் படிக்கலாம். ஊரில் உப்பு வேலை நடக்கிறது. நடுவில் இரண்டு நாள் கோடைமழை பிடித்துப் பாத்தியெல்லாம் கரைந்து மறுபடி முதலிலிருந்து தண்ணீர் கட்டினார்கள். உன் தங்கை கலை வேலை பார்த்த உப்புக் கம்பெனி ஆபீசில் அவள் நாற்காலிக்கு இன்னும் ஆள் போடவில்லை என்று கலியபெருமாள் மாமா சொன்னார், ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா போன வெள்ளிக்கிழமை பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு ஏறி இறங்கினாள். ஏழு மாதத்தில் அவள் வாசற்படி தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை. பாதி மலையில் உட்கார்ந்து அழுதாள், பிறகு அவளே எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு ஏறினாள். நான் பின்னால் நடந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நீ ஒன்று கேட்டாயாம். "கலை எம்மேல கோவமாவே போயிட்டாளாம்மா" என்று. போனை வைத்ததும் சமையலறையில் போய் நின்றுகொண்டாள். இத்தனை மாதமாக நீ இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எங்களிடம் முகம் கொடுக்காமல் இருந்தாய் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. அடக்கத்துக்கு வர முடியாமல் போனதுதான் காரணம் என்று நான் எண்ணியிருந்தேன். உன் குடியிருப்பு அட்டை வராமல் போலந்தை விட்டு நகர முடியவில்லை, அதற்கு நீ என்ன செய்வாய், ஊரே அதைப் புரிந்துகொண்டது. ஆனால் இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் இருவருக்கும் நடந்த அந்தச் சண்டையை ஆரம்பித்து வைத்தது நான்.

நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பை நம் ஊர் உப்புக்காற்று தின்றுவிட்டதும், ஞாயிற்றுக்கிழமை கலை உன்னோடு சேர்ந்து ஐரோப்பா முழுக்க லாரி ஓட்டும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை ஆட அது தடுமாறியதும் உனக்குத் தெரியும். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு அண்ணன் ஊரு வழியாதான்பா லாரிய ஓட்டினு போனேன், வீடு எதுன்னுதான் தெரியல, இல்லனா ரெண்டு மூட்டை உப்பு இறக்கிட்டு வந்திருப்பேன்" என்றாள். நீயும் அவளை உப்புமூட்டை என்று கூப்பிட்டே பழகியவன். அந்த லாரிக்காகத்தான் அவள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, தானே பாகங்களை வாங்கி ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ள முடிவு செய்தாள். நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஒரு பைசா போகக்கூடாது என்பது அவள் வைத்த எல்லை. சென்ற அக்டோபரில் ஒரு வெள்ளைத்தாளில் பட்டியல் எழுதி மேசைமேல் வைத்திருந்தாள். எழுதிய தாள் எதிரே கிடந்தால் என் கை சும்மா இருக்குமா. முப்பத்து நாலு வருட வாத்தியார் பழக்கம், சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பொருள்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் கிராபிக்ஸ் கார்டு என்று எழுதிவிட்டு எதிரே ஒன்றும் எழுதாமல் காலியாக விட்டிருந்த வரியில் "விடுபட்டது" என்று எழுதினேன். மற்ற பாகங்களை எல்லாம் விலை குறைவாகப் பார்த்துப் போட்டவள் உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மட்டும் பெரிதாக அறுநூற்றைம்பது வாட் போட்டிருக்கிறாளே என்று அதைச் சுழித்துக் கேள்விக்குறி போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். தாளைப் படம் பிடித்து, சரியா பார் என்று உனக்கு அனுப்பினேன்.

பிறகு நடந்தது நம் இருவருக்கும் தெரியும். ஸ்பீக்கரில் பேசினீர்கள், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கார்டே இல்லாத பொட்டிக்கு எதுக்குடி அறுநூத்தம்பது, நானூத்தம்பது தாராளம், கேபினட்டும் பீரோ மாதிரி எடுத்திருக்க, அந்தக் காசை ரேம்ல போடு, கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான் என்று நீ சொன்னாய். "எனக்குத் தெரியும்டா, நீ உன் வேலையப் பாரு" என்றாள். அப்போதுதான் நீ, "உனக்கு ஒரு மண்ணும் தெரியாது, இனிமே எங்கிட்ட எதுவும் கேக்காத" என்று வைத்தாய். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் அவள் விளையாட வரவில்லை. அதற்குப் பிறகு காய்ச்சல், ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. உனக்கு இந்த வரிசைதான் தெரியும். இந்த வரிசையில் பார்த்தால் நீ நினைப்பதுதான் சரியான விடை போலத் தோன்றும். ஆனால் கணக்கில் இரண்டு வரி உன் கண்ணுக்குப் படவில்லை, என் கண்ணுக்கும் படவில்லை.

உன் கேள்விக்குப் பிறகு அம்மா கலையின் கைப்பையை முதல்முறையாகத் திறந்தாள். உள்ளே அந்தத் தாள் நான்காக மடித்து, புதுச்சேரியில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கடையின் அட்டையோடு பின் குத்தி இருந்தது. "அவ ஆசைப்பட்டத வாங்கி வச்சிடலாங்க" என்றாள் அம்மா. யார் விளையாடப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறினேன். சிறிய கடை, நடத்துவது சகாயசெல்வி என்று ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், அவரே ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பூட்டித் தருகிறார். தாளைக் கொடுத்தேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ரேம் விலை பயங்கரமா ஏறிடுச்சு சார், இந்த பட்ஜெட்ல வரணும்னா எஸ்எம்பிஎஸ்ஸ சின்னதாக்கிக்கலாம்" என்று நீ சொன்னதையேதான் அவரும் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன். பேனாவை எடுத்து அடிக்கப் போனவர் கையெழுத்தைப் பார்த்து நிறுத்தி, "இது கலைமதி லிஸ்ட் ஆச்சே, சார் நீங்க அவங்க அப்பாவா, எங்க சார் அந்தப் பொண்ணு, நெட்ல வாங்கிட்டு என்ன ஏமாத்திடுச்சா" என்று சிரித்தார். வெற்றி, எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் எனக்குப் பாடமாகிவிட்டது என்று எண்ணியிருந்தேன். அன்றைக்கு அந்தச் சிரித்த முகத்துக்கு எதிரே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் புரிந்துகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார்.

அவர் சொன்னதை உள்ளபடி எழுதுகிறேன். கலை அந்தக் கடைக்கு இரண்டு முறை போயிருக்கிறாள். இரண்டாவது முறை போனது உங்கள் சண்டைக்குப் பிறகு. அப்போதும் சகாயசெல்வி எஸ்எம்பிஎஸ்ஸைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கு அவள், "இல்லக்கா, அண்ணன் அடுத்த வருசம் புது கார்டு வாங்கறான், பழசு சும்மாதான் கெடக்கும், அது எனக்கு. அதுக்குத் தாங்கற மாதிரி இப்பவே போட்டுடுங்க. கொரியர்ல வாங்க மாட்டேன், அவனே எடுத்துனு வந்து அவன் கையால மாட்டணும், அதச் சாக்கு வச்சாவது ஊருக்கு வருவான் இல்ல" என்றாளாம். அண்ணனிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டதற்கு, "சொல்லல, செம திட்டு திட்டறான்க்கா, திட்டட்டும், வந்து பொட்டியத் தெறந்து பாக்கும்போது அவன் மூஞ்சியப் பாக்கணும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் "28.5, அதுக்கு மேல ரெண்டு விரல்" என்று எழுதியிருக்கிறது. ஏதோ தையல் அளவு என்றுதான் நினைத்தேன். சகாயசெல்விதான் விளக்கினார், கேபினட் என்கிற வெளிப்பெட்டிக்குள் கார்டுக்கு இருக்க வேண்டிய இடத்தின் நீளமாம். உன் கார்டு எத்தனை சென்டிமீட்டர் என்று அவள் உன்னைக் கேட்டதும், ஏன் துணி தைக்கப் போறியா என்று நீ கிண்டல் செய்துகொண்டே ஸ்கேல் வைத்து அளந்து சொன்னதும் ஞாபகம் இருக்கிறதா. நான் உனக்கு அனுப்பிய படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது.

நான் ஆரம்பத்தில் வேலை பார்த்தது ஓராசிரியர் பள்ளி. தமிழும் நான்தான், கணக்கும் நான்தான், படம் வரையச் சொல்லித்தருவதும் நான்தான். கலை தேர்ந்தெடுத்த ப்ராசசர் அந்த மாதிரியாம், படம் காட்டும் வேலையையும் அதுவே இழுத்துப் பிடித்துச் செய்துவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு வந்தால் ஓவியத்துக்கென்று தனி ஆசிரியர் வந்ததுபோல. அவர் வரும்போது உட்கார நாற்காலி வேண்டும், அவருக்கும் சேர்த்துச் சம்பளம் வேண்டும். வரப்போகிறவருக்காக அவள் முன்கூட்டியே நாற்காலி போட்டுச் சம்பளமும் ஒதுக்கி வைத்திருக்கிறாள், பெரிய கேபினட்டும் பெரிய எஸ்எம்பிஎஸ்ஸும் அதுதான். நான் அதைப் பிழை என்று சுழித்தேன். நீ என் சுழிப்பை நம்பினாய்.

இன்னொரு வரி அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அவள் வராதது கோபத்தால் இல்லையப்பா. உங்கள் சண்டைக்கு மூன்றாம் நாளே லேப்டாப்பில் சார்ஜர் சொருகும் இடம் உப்புக்காற்றில் பச்சை பிடித்து உடைந்துபோயிற்று. சொன்னால் நீ பதறிப்போய் அங்கிருந்தே ஏதாவது வாங்கி அனுப்பிவிடுவாய், திட்டம் கெட்டுவிடும் என்று அவள் சொல்லாமல் இருந்திருக்கிறாள், இதையும் சகாயசெல்விதான் சொன்னார். உடைந்ததை நான் பார்த்தேன். உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், நீயும் கேட்கவில்லை, நானும் இருந்துவிட்டேன். கடைசியில் உன் பெயரைச் சொன்னாள் என்று நான் கதை கட்டமாட்டேன், ஐசியூவுக்குள் போன பிறகு அவள் எங்களிடமும் பேசவில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். நீ திட்டியதை அவள் ஒரு வேடிக்கையாகத்தான் ஊர் விட்டு ஊர் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பட்டியலில் உள்ளபடியே வாங்கினேன். ரேம் மட்டும் விலை கட்டுப்படியாகாமல் எட்டு ஜிபி ஒன்று போட்டிருக்கிறது, பக்கத்துத் துளை காலியாக இருக்கிறது, பிறகு போட்டுக்கொள்ளலாம். பூட்டிய கூலியைச் சகாயசெல்வி எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கவில்லை. கடல்காற்று நேரே அடிக்காத மேற்கு அறையில், கலை இடம் பார்த்து வைத்திருந்த மூலையிலேயே வைத்திருக்கிறோம். நேற்று முதல்முறை பட்டனை அழுத்தினேன். சின்னச் சத்தத்தோடு விளக்கு எரிந்து திரை வந்தது, அவ்வளவுதான், அதற்கு மேல் என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடுதுங்க" என்றாள். பிறகு அணைத்துவிட்டோம். விடைத்தாளில் நான் தவறாகத் திருத்திவிட்டால் என் திருத்தத்தை அடித்து, பக்கத்தில் சரி போட்டு, தேதியோடு கையொப்பமிட்டு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுவது என் வழக்கம். இந்தத் தாளிலும் "விடுபட்டது" என்பதையும் அந்தக் கேள்விக்குறியையும் அடித்துச் சரி போட்டு ஒப்பமிட்டுவிட்டேன். கூப்பிட்டுக் காட்ட அவள் இல்லை. அதனால் உனக்கு அனுப்புகிறேன், நகல் இல்லை, அவள் கையெழுத்துள்ள அந்தத் தாளேதான், பத்திரமாகப் பிரி.

உன் குடியிருப்பு அட்டை வந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னாயாம். லீவு எப்போது கிடைக்கும் என்று நான் நெருக்கமாட்டேன். புது கார்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நீ வந்தால் போதும். பழைய கார்டைக் கொண்டுவருவதாக இருந்தால் பெட்டியில் போட்டு ஏற்றிவிடாதே, கையோடு எடுத்து வா. இந்த உறைக்குள் இரண்டு சின்னப் பொட்டலம் இருக்கும், சர்க்கரை என்று நினைத்துவிடாதே, ஈரம் உறிஞ்சுவது. செருப்புப் பெட்டி, மருந்து டப்பா எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக் கலை ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாள். அதிலிருந்து எடுத்ததுதான். கார்டோடு சேர்த்துச் சுற்றி வை, ஊர் எல்லைக்குள் வந்தாலே நம் உப்புக்காற்று பிடித்துக்கொள்ளும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது என்று தூங்காமல் இராதே. எங்கள் இருவர் ஆசியும் என்றைக்கும் உனக்கு உண்டு. கடிதம் கைக்குக் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு அம்மா என்னிடம் போனைக் கொடுக்கும்போது வைத்துவிடாதே. நீ பேச வேண்டாம், நானும் பேசவில்லை, கொஞ்ச நேரம் காதில் வைத்திரு.

உன் அப்பா,
சி. காசிலிங்கம்