பசை போட்ட பக்கம்

மார்ச் 4

அக்கா பெற்ற அரும்பெரும் செயலாளரே, மருமகளே,

யாருமே நம்பாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். நேற்று மண்டபத்தில் புனித நூல் வாசித்தேன். அந்நியர் ஊரைக் கொளுத்து, தொட்டிலையும் விடாதே என்கிற பக்கம் வந்தது. வழக்கம்போல் கூட்டம் மொத்தமும் இருமியது. வார்த்தை காதில் விழக்கூடாதாம்! இருமிய வேகத்தில் மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது. பொருளாளரின் பல்செட் பறந்து வந்து நூலின்மேல் உட்கார்ந்து மிச்சத்தைத் தானே வாசித்தது.

இந்த இருமல் பக்தி எனக்குச் சகிக்கவில்லை. அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்து, "இது கொடுமை, நாம் செய்யமாட்டோம்" என்று சொல்ல உன் தலைமைக் கமிட்டி அனுமதிக்குமா?

உன் மகன் இங்கே மண்டப விடுதியில் சுகம்.

மாமா

மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கிண்டலைக் கமிட்டியில் வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. நம் நூலை நாமே கொடுமை என்றால் அக்கம்பக்கம் என்ன பேசும்? எல்லாப் பிரதிகளிலும் அந்த வரிகளின்மேல் வெள்ளைத்தாள் ஒட்ட முடிவாகியிருக்கிறது. விடுதிப் பிள்ளைகள் ஒட்டுவார்கள். என் மகன்தான் பொறுப்பு. இனி நீங்கள் வாசிக்க வேண்டாம் என்பதும் முடிவு. கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

மருமகள்

ஏப்ரல் 2

பசைப் பேரரசியே,

உன் கமிட்டியின் மூளையைக் காட்சிசாலையில் வைக்கலாம். உபயோகிக்காத பொருள், பளபளவென்று இருக்கும். இங்கே பசை ஆறாக ஓடியது. மண்டபக் காவலாளி நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு அப்படியே வீடு போனார். மனைவி இரண்டையும் சேர்த்தே துடைத்து வைக்கிறாள்.

தாளை எங்கே ஒட்டுவது? எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று ஒவ்வொரு பிரதியிலும் வாசித்துப் பார்த்துத்தானே ஒட்டவேண்டும், அம்மா மகாராணி! நாங்கள் இருமி மறைத்ததை நீ மனப்பாடம் செய்யவைத்தாய்.

நேற்று மாலை, மண்டபத்துக்கு எதிரே, வேற்று மதத் தையல்காரர் கடைமுன் விடுதிக் கூட்டம். உன் மகனுக்குப் பள்ளிச் சட்டை தைத்த அதே மனிதர். பெட்ரோல் கேனோடு முன்னால் நின்றவன் உன் மகன். அந்த வரிகளை ஒரு சொல் பிசகாமல் முழங்கினான்.

"டேய், இது தப்புடா!"

"தப்புன்னா கமிட்டி சொல்லியிருக்கும்ல தாத்தா? ஒட்டத்தானே சொன்னாங்க!"

கடை போயிற்று. தையல்காரர் கருகிய மெஷினோடு என் அறையில் இருக்கிறார். உன் மகன் காவல் நிலையத்தில். அவன் பெயரைச் சொன்னது நான்தான். இனி நீ எனக்குக் கடிதம் போடமாட்டாய், தெரியும்.

பல்செட் பொய். மின்விசிறி பொய். காவலாளியும் நாற்காலியும் பொய். நேற்று மாலை என்று எழுதினேனே, அந்தச் சின்னப் பகுதி மட்டும் நிஜம்.

மாமா